செங்கற் சூளையும் சுகத் தீவும்

குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவது எளிது. குற்றம் முளைத்த நிலத்தைத் தோண்டிப் பார்ப்பது அரிது. எளிதானதைச் செய்து முடித்து, நீதி நிறைவேறிற்று என்று உறங்கப் போவது நாடுகளின் பழக்கமாக இருந்து வருகிறது. இதனை ஓர் ஆங்கில நாவலில் தொடங்கி நம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து ஆராய விரும்புகிறோம். தோட்டத்து அன்பரும் பட்டினத்து அன்பரும் சற்றே பொறுமையுடன் உடன் வருவாராக.

கிரகாம் கிரீன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1938-இல் 'பிரைட்டன் ராக்' என்ற நாவலை வெளியிட்டார். பிரைட்டன், லண்டன் மக்கள் விடுமுறை நாளில் காற்று வாங்கச் செல்லும் கடற்கரைப் பட்டினம். அங்கே குதிரைப் பந்தயத் தரகர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் ஒன்று. அதன் தலைவன் பிங்கி, வயது பதினேழு! தன்னை வளர்த்த பழைய தலைவன் மாண்டதற்குப் பழியாக அவன் ஒருவனைத் தீர்த்துவிடுகிறான். அதிகாரிகளோ அஃது இயற்கை மரணம் என்று ஏட்டை மூடிவிடுகின்றனர். இறந்தவனோடு சிறிது நேரமே பழகிய ஐடா என்னும் பெண் விடாப்பிடியாய் உண்மையைத் துருவுகிறாள். முடிவில் பையன் அழிகிறான். ஐடா மனநிறைவு பெறுகிறாள்.

ஆயினும் படிப்பவன் மனத்தில் ஒரு முள் எஞ்சுகிறது. பிங்கி பிறந்த சேரியின் பெயர் 'பாரடைஸ் பீஸ்'. சொர்க்கத் துண்டு என்று பொருள். பெயர் சொர்க்கம், வாழ்வோ வறுமையும் நெருக்கடியும். அவன் ஏன் அவ்வாறு ஆனான் என்று அவ்வூரில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொலை நியாயமாகியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. கேளாததால் அடுத்த பிங்கி அதே தெருவில் வளர்வான் என்றே சொல்கிறோம்.

சொர்க்கம் என்று பெயர் சூடிய சேரி அங்கே. சுகம் என்று பெயர் சூடிய சிறை இங்கே! சிங்கப்பூருக்குத் தெற்கே கடலில் 'புலாவ் செனாங்' என்றொரு சிறு தீவு உண்டு. மலாய் மொழியில் புலாவ் என்றால் தீவு. செனாங் என்றால் சுகம், நிம்மதி. அச்சுகத் தீவில் 1963-இல் நடந்ததே இக்கட்டுரையின் பொருள். ஆனால் படகேறுமுன் சிராங்கூன் சாலையில் சிறிது நின்று போதல் வேண்டும். ஏனெனில் உழைப்பினால் குற்றவாளியைத் திருத்தலாம் என்ற எண்ணம் அத்தீவில் பிறந்ததன்று. அதற்கு நூறாண்டுக்கு முன்பே நம்மவர் கைகளால் இந்நகரில் சோதிக்கப்பட்டது அது.

சூளையில் வெந்த கைகள்

1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சுமத்ராவிலிருந்த பென்கூலன் கைமாறிற்று. அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த இந்தியக் கைதிகள் 1825-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். முதற் கூட்டத்தார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்; பின்னர் வங்காளத்தாரும் பம்பாயாரும் வந்தனர். காலப்போக்கில் அவர்கள் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டிற்று. இன்று நாம் நிழலில் நடக்கும் சாலைகள் பலவற்றை வெட்டியவர்கள் அவர்கள். சதுப்பை மேடாக்கியவர்கள் அவர்கள். 1856 முதல் 1861 வரை எழுந்த புனித ஆண்ட்ரூ ஆலயம் அவர்களுடைய கைவேலை. கிளிஞ்சற் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்து குழைத்த மதராஸ் சுண்ணத்தை அதன் சுவரில் பூசித் தேய்த்துக் கண்ணாடிபோல் மின்ன வைத்தவர்கள் அவர்கள். இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் 1867 முதல் 1869 வரை அவர்கள் உழைப்பில் எழுந்ததே.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டுமே! அதற்கென 1858-இல் சிராங்கூன் சாலையில் சர்க்கார் செங்கற் களம் ஏற்பட்டது. மண் மிதித்தவனும் அச்சில் வார்த்தவனும் சூளைக்குத் தீ மூட்டியவனும் கைதியே. பூமாலையும் மல்லிகையும் மணக்கும் இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு வருவோர், இந்தச் சாலையின் பழைய மணம் சுட்ட மண்ணின் மணம் என்பதை அறிதல் நன்று.

அக்கைதிகளை ஆண்ட முறை யாது? கவர்னர் பட்டர்வொர்த் காலத்தில் 1845-இல் விதிகள் வகுக்கப்பட்டன. கைதிகள் ஆறு வகுப்பினராய்ப் பிரிக்கப்பட்டனர். கீழ் வகுப்பினன் கால்விலங்கோடு உழைத்தான். நன்னடையால் படி ஏறினான், விலங்கு கழன்றது. இன்னும் ஏறினால் தன்னைப் போன்ற கைதிகளுக்கே மேற்பார்வையாளன் ஆனான். உச்சிப்படி எய்தியவன் அனுமதிச் சீட்டுப் பெற்று நகரில் தன் பிழைப்பைத் தானே தேடிக்கொள்ளலாம். பிராஸ் பாசாவில் இருந்த அந்தச் சிறையைக் காத்தவர்களில் பெரும்பாலார் கைதிகளே என்பது பார்வையாளரை வியப்பில் ஆழ்த்திற்று. மக்நேர் என்னும் அதிகாரி பிற்காலத்தில் இம்முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இதனைப் பொற்காலம் என்று நாம் போற்றப் புகவில்லை. கடல் கடத்தி, மனைவி மக்களைப் பிரித்து, சம்பளமில்லாக் கூலியாய் ஒரு நகரையே கட்டிக்கொண்ட கம்பெனியாரின் கணக்கில் கருணைக்கு வரவு குறைவு. நகரத்து வெள்ளைக்கார வணிகர் சிலரும் தங்களுக்கு நடுவே கைதிகள் நடமாடுவதை எதிர்த்துக் கூச்சலிட்டனர். 1873-இல் எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டுக் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டது. இத்தனையும் உண்மை. ஆனாலும் ஒன்றை மறுக்கலாகாது. அக்கைதி எக்குற்றத்துக்காக வந்தான் என்பதை ஒரு கோர்ட் சொல்லியிருந்தது. எத்தனை படி உண்டு, அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு விதி சொல்லியிருந்தது. விடுதலை பெற்றவர்களுட் பலர் பால்மாடு வைத்தும் வண்டி ஓட்டியும் கொத்து வேலை செய்தும் இவ்வூராரோடு ஊராராய்க் கலந்துவிட்டனர்.

விசாரணை இல்லாத சிறை

இனித் தீவுக்குப் போவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் இரகசியச் சங்கங்கள் தலைவிரித்தாடின. கடைக்காரனிடமும் தெரு வியாபாரியிடமும் 'பாதுகாப்புப் பணம்' வாங்குவது அவர்கள் தொழில். கொடாதவன் கடை உடையும். காட்டிக்கொடுத்தவன் முகம் கிழியும். நெருக்கமான வீடு, பாதியில் நின்ற பள்ளி, கிடைக்காத வேலை ஆகிய மூன்றுக்கும் நடுவில் நின்ற வாலிபனுக்குச் சங்கம் ஓர் அண்ணனைத் தந்தது. ஒரு பெயரைத் தந்தது. மற்றவர் அஞ்சி ஒதுங்கும் பெருமையையும் தந்தது. சீன வாலிபர் மட்டுமே அவற்றிற் சேர்ந்தனர் என்று நம்மவர் ஆறுதல் கொள்ளுதல் வேண்டா. நம் தெருப் பிள்ளைகளும் சேர்ந்தனர்.

சாட்சி சொல்ல அஞ்சுகிறவர்கள் நிறைந்த ஊரில் கோர்ட்டில் குற்றத்தை மெய்ப்பிப்பது எங்ஙனம்? சர்க்காருக்கு இருந்த இடர் பொய்யன்று. 1955-இல் குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1958-இல் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரம் அதிற் சேர்க்கப்பட்டது. தற்காலிகம் என்ற பெயரைச் சுமந்தபடியே அச்சட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு இன்றும் நிலவுகிறது.

1959-இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் சர்க்கார் சிறைகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் தேவன் நாயர். மலாக்காவில் ரப்பர்த் தோட்டத்துக் கிராணி ஒருவரின் வீட்டிற் பிறந்தவர்; பின்னாளில் 1981 முதல் 1985 வரை சிங்கப்பூரின் குடியரசுத் தலைவராய் விளங்கியவர். அவரே ஆங்கிலேயரால் விசாரணையின்றி அடைக்கப்பட்டுச் சிறையின் சுவரை நாட்கணக்கில் எண்ணியவர். அடைத்துவைத்துச் சோம்பலில் அழுக விடுவதைவிட, வெளிவெளியில் உழைக்கவிட்டு மனிதராக்கலாம் என்ற நன்னோக்கம் அக்குழுவுக்கு இருந்தது. அதன் பயனே புலாவ் செனாங் குடியேற்றம்.

1960-இல் டேனியல் டட்டன் என்னும் ஆங்கில அதிகாரி ஏறத்தாழ ஐம்பது கைதிகளுடன் அத்தீவில் இறங்கினார். புதரும் பாறையுமாய்க் கிடந்த இடம். கைதிகள் காடு திருத்தினர், சாலை போட்டனர், தாம் உறங்கும் கூடங்களையும் உணவுச்சாலையையும் பட்டறைகளையும் தாமே கட்டினர். சுற்றுச்சுவர் இல்லை, துப்பாக்கி ஏந்திய காவலரும் இல்லை. உழைப்பு எவனையும் திருத்தும் என்பது டட்டனின் அசையா நம்பிக்கை. அவரை வெறும் கொடியர் என்று எழுதித் தள்ளுவது எளிது. அது வரலாறு ஆகாது. கத்தி பிடித்த கைகளுக்கு நடுவே ஆயுதமின்றி வாழத் துணிந்த மனிதர் அவர். மூன்றாண்டுகளில் தீவிலிருந்தவர் தொகை முந்நூற்றை எட்டிற்று. நன்கு உழைத்தவர்கள் படிப்படியாய் நகருக்கு அனுப்பப்பட்டு விடுதலையும் பெற்றனர்.

நாற்பது நிமிடம்

அங்ஙனமாயின் கேடு எங்கே புகுந்தது? 1963 ஜூலையில் படகுத்துறையில் வேலை செய்த தச்சர் பதின்மூவர், குறித்த நேரத்துக்கு மேல் உழைக்க மறுத்தனர். மறுத்தவர்கள் சாங்கிச் சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்து அன்பர்கள் இதன் பொருளை உடனே அறிவார்கள். பெரட்டில் பெயர் கொடுத்து நாள் முழுதும் பாலெடுத்தவனைப் பொழுது சாய்ந்தபின் இன்னொரு வேலைக்கு ஏவினால், அவன் உள்ளம் என்ன பாடுபடும்? கேள்வி கேட்டால் பெயரையே அடித்துவிடுவேன் என்றால்? இந்தத் தீவில் பெயர் அடிபடுவது ஒரு நாட் கூலியை இழப்பதன்று. பல மாத உழைப்பால் நெருங்கி வந்த விடுதலையை இழப்பது. சாங்கிக்குத் திரும்புவது என்றால் ஏணியின் அடியில் மீண்டும் நிற்பது. அந்த ஏணிக்கு எத்தனை படி என்பதும் அவனுக்குத் தெரியாது. அவனை அனுப்பியது தண்டனைத் தீர்ப்பு அன்று, தடுப்பாணை. விடுதலை நாளை எழுதிவைத்த தீர்ப்பு ஏதும் அவன் கையில் இல்லை.

கலகம் மூளப்போவதாக டட்டனுக்கு எச்சரிக்கை கிட்டியது. அவர் தம் பிள்ளைகளை நம்பினார். 1963 ஜூலை 12, வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குப் பின் தீவு வெடித்தது. தாம் கட்டிய கட்டடங்களுக்குத் தாமே தீ வைத்தனர். வானொலி அறைக்குள் தாளிட்டுக்கொண்டு உதவி கேட்டுச் செய்தி அனுப்பிய டட்டனைக் கூரையைப் பிளந்து, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, வெட்டிக் கொன்றனர். டான் கோக் ஹியான், ஆறுமுகம் வீரசிங்கம் என்னும் ஊழியரும் மாண்டனர். மூன்றாண்டு உழைப்பு ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் சாம்பலாயிற்று.

இக்கொலைகளுக்கு நாம் சமாதானம் தேடவில்லை. கடமை செய்யப் போய்ப் பிணமாய்த் திரும்பியவரின் வீட்டார் முன் நின்று, கொன்றவர்களும் வறுமையில் வாடியவர்கள் என்று சொல்ல எவனுக்கு நாவெழும்? கோடாரி எடுத்தவன் அதற்குப் பொறுப்பாளி. அதை மறைப்பது அவனையும் மனிதனாக மதியாமையே.

ஆனால் நீதி எவ்வாறு நடந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1963 நவம்பர் 18-இல் நீதிபதி பட்ரோஸ் முன்னிலையில் வழக்குத் தொடங்கிற்று. எதிரிகள் 59 பேர். அத்தனை பேரும் அமர ஒரு பெருங் கூண்டு தனியே அமைக்க நேர்ந்தது. ஒவ்வொருவனுக்கும் ஓர் எண் அட்டை. எதிரே ஜூரர் எழுவர். சட்ட விரோதமான கூட்டத்தின் பொது நோக்கம் கொலையானால், கூடியவன் ஒவ்வொருவனும் கொலைக்குப் பொறுப்பாவான் என்பது தண்டனைச் சட்டத்தின் விதி. யார் வெட்டினான், யார் தீ வைத்தான், யார் அஞ்சி உடன் ஓடினான் என்பதை அறுபத்து நான்கு நாள் விசாரணையில் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1964 மார்ச் 12-இல் 58 பேருக்குத் தீர்ப்பு வந்தது. பதினெட்டுப் பேருக்குத் தூக்கு; பதினெட்டுப் பேர் ஆயுதம் ஏந்திக் கலகம் செய்ததற்கும், பதினொருவர் கலகம் செய்ததற்கும் சிறை; பதினொருவர் விடுதலை. மேல் முறையீடுகள் பயன் தரவில்லை. 1965 அக்டோபர் 29-இல் சாங்கிச் சிறையில் பதினெண்மரும் தூக்கிலிடப்பட்டனர்.

அப்பதினெண்மருள் மூவர் இந்தியர். வெட்டுண்டவர்களில் ஒரு வீரசிங்கம். தூக்குண்டவர்களில் நம்மவர் மூவர். இந்த நிகழ்ச்சி அயலாரின் கதை என்று இனியும் நாம் சொல்லக்கூடுமோ?

குற்றம் நடந்தபோது சிங்கப்பூர் ஆங்கிலக் கொடியின்கீழ்த் தன்னாட்சி நாடு. வழக்கு நடந்தபோது மலேசியாவின் ஒரு பகுதி. கயிறு இறுகியபோது மூன்று மாதமும் நிரம்பாத தனிக் குடியரசு. கொடி இருமுறை மாறிற்று. அந்த வாலிபர்களின் நிலை மட்டும் மாறவில்லை. தீவுக்குச் செல்லும்போது அவர்களுக்கு விசாரணையே இல்லை. தீவிலிருந்து திரும்பியபோது ஐம்பத்தொன்பது பேருக்கும் சேர்த்து ஒரே விசாரணை! முதலில் ஒவ்வொருவனையும் தனித்தனியே நிறுத்தி, நீ செய்தது என்ன, உனக்குரிய தண்டனை எத்தனை நாள் என்று சொல்லியிருந்தால், இரண்டாவதற்கு வேலையே இல்லாமற் போயிருக்கலாம் அன்றோ?

உழைப்பும் வாக்கும்

செங்கற் சூளையில் வெந்தவனும் சுகத் தீவில் உழைத்தவனும் தூக்கிய சுமை ஒன்றே. ஒருவன் நகரத்தானாய் எஞ்சினான். மற்றவன் தான் கட்டியதைத் தானே கொளுத்தினான். வேறுபாடு உழைப்பில் இல்லை. முன்னவனுக்குக் கொடிய விதியாயினும் எழுதிவைத்த விதி இருந்தது. பின்னவனுக்கு நல்ல அதிகாரி இருந்தார். எழுதிவைத்த முடிவு இல்லை. நல்லவர் ஒருவரின் மனப்போக்கில் தொங்கும் விடுதலை, அவர் ஒருநாள் சினந்தால் அறுந்துவிடும். கொடியவரின் விதியைவிட நல்லவரின் விருப்பம் மேலானது என்று எண்ணுவது மனித இயல்பு. புலாவ் செனாங் அவ்வெண்ணத்தைச் சுட்டெரித்தது.

ஒப்பந்தக் கூலிகளாய் வந்த நம் முன்னோர் இதனை வேறு வகையில் அறிந்தவர்கள். ஏட்டில் முடிவு நாள் இருக்கும். கடன் அந்நாளைத் தள்ளிப் போடும். ஓடிப்போனவனும் எதிர்த்து நின்றவனும் அத்தள்ளலின் பிள்ளைகளே. மலாயாவில் இந்தியருக்கான அம்முறை 1910-இல் ஒழிந்தது. முடிவு தெரியாத உழைப்பு அடிமைத்தனம் என்பதை எந்தப் புத்தகமும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

தீவின் குடியேற்றம் அழிந்தது. இன்று அத்தீவு இராணுவத்தாரின் குண்டுப் பயிற்சிக் களம். பொதுமக்கள் அங்கே செல்வதற்கில்லை. ஜூரி முறையும் 1969-இல் ஒழிக்கப்பட்டது. மற்றொரு வழியும் இந்நகரில் இல்லாமலில்லை. 1949-இல் சிறுவருக்கும் இளையருக்குமான சட்டம் வந்தது. 1951-இல் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம் வந்தது. சிறையிலிருந்து திரும்புவோருக்கு வேலையும் மதிப்பும் தேடும் மஞ்சள் நாடா இயக்கம் 2004-இல் தொடங்கிற்று. இவை சத்தமின்றி நடக்கும் பணிகள். தீவு எரிந்த செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு பையன் கண்காணிப்பு அதிகாரியிடம் கையொப்பமிட்டுவிட்டு வேலைக்குப் போகும் செய்தி எந்தப் பத்திரிகையில் வரும்?

பெற்றோரே! உங்கள் மகன் தெருமுனையில் யாரை 'அண்ணன்' என்று அழைக்கிறான் என்பதை அறிவீரா? வீட்டில் அவனுக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் இருந்தால் வெளியில் அவற்றை விலைக்கு வாங்கமாட்டான். ஆலயத் திருவிழாவுக்கும் திருமணப் பந்தலுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை, பள்ளியை விட்டு நின்றவனுக்குத் தொழில் கற்பிப்பதில் செலவிட நம் சங்கங்களுக்கு மனம் வருமா? சிறை மீண்ட ஒருவன் வேலை கேட்டு வந்தால் நம் கடை வாசல் திறக்குமா, அல்லது சிராங்கூன் சாலையே அவனுக்கு மறுபடியும் ஒரு தீவாகுமா?

புனித ஆண்ட்ரூ ஆலயத்தின் வெண்சுவரைப் பாருங்கள். குற்றவாளி என்று ஒதுக்கப்பட்டவன் கை பட்டு மின்னுகிறது அது. அந்தக் கையைப் பயன்படுத்திக்கொண்ட நகரம், அந்தக் கைக்குரியவனை எவ்வாறு நடத்தும் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீதிபதிகள் மட்டுமல்லர், நாமும்தான்.